உறையும் தவளை, உறையாத அணில்: சுவரொட்டிக்கு எது சரி?

தேவி_ஜெயநகர்

எட்டு, ஒன்பதாம் வகுப்பில் தமிழ் எடுத்துப் படிக்கும் பெங்களூருப் பிள்ளைகளுக்காக ஒரு அறிவியல் சுவரொட்டி தயாராகிறது. அலாஸ்காவில் வாழும் இரண்டு உயிர்களின் ஒப்பீடு: ஒரு பக்கம் ரானா சில்வாட்டிகா (ஆங்கிலத்தில் 'உட் ஃபிராக்') என்கிற தவளை, மறுபக்கம் ஆர்க்டிக் தரை அணில். இப்போதைக்கு எழுதியிருக்கும் வாசகம் இது:

"மரத்தவளையும் தரை அணிலும் குளிர்காலம் முழுவதும் தூங்குகின்றன. இரண்டின் இரத்தத்திலும் உறையாமல் காக்கும் வேதிப்பொருள் உண்டு. இரண்டின் உடலும் பனிக்கட்டியாகி, வசந்தத்தில் உருகி உயிர் பெறுகின்றன."

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் ஜனவரி விடியற்காலையில் 15 டிகிரி. பெங்களூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரி 13 அன்று. பூஜ்யத்துக்குக் கீழே உடம்புக்குள் என்ன நடக்கும் என்பதற்கு அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. சுவரொட்டியில் இருப்பதைத்தான் நம்புவார்கள். எங்கே பிழை என்று எண்களோடு சொல்லுங்கள்.

உறைநிலை

மேடம், மூன்று வாக்கியத்திலுமே பிழை இருக்கிறது. பெயரிலிருந்து தொடங்குகிறேன். 'உட் ஃபிராக்' என்பதை மரத்தவளை என்று எழுதவே கூடாது. மரத்தவளை என்றால் நம் வீட்டுச் சுவரிலும் குளியலறையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற, விரல் நுனியில் வட்டத் தகடு உள்ள தவளை. இது காட்டுத் தரையில் சருகுக்குள் வாழ்வது. ஐந்து சென்டிமீட்டர் நீளம், கண்ணையொட்டிக் கறுப்பு முகமூடி போல ஒரு பட்டை. காட்டுத் தவளை என்று போடுங்கள்.

அடுத்தது 'இரத்தத்தில் உறையாமல் காக்கும் வேதிப்பொருள்'. இது பாதி வலைத்தளங்களில் இருக்கும் தப்பு. காட்டுத் தவளை உறையாமல் தப்பிக்கவில்லை, உறைகிறது. உடம்பிலுள்ள தண்ணீரில் ஏறக்குறைய 65 சதவீதம் வரை பனிக்கட்டியாகிறது. இதயம் நின்றுவிடும், மூச்சு நின்றுவிடும், இரத்த ஓட்டம் கிடையாது, கண் வெள்ளையாகிவிடும். தொட்டால் கல். அந்தப் பனி எங்கே உருவாகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. தோலுக்கு அடியில், வயிற்றுக் குழியில், செல்களுக்கு வெளியே பனி உண்டாகலாம். செல்லுக்குள்ளே உண்டானால் முடிந்தது.

நடக்கும் வரிசை இப்படி. அக்டோபர் வாக்கில் சருகுக்கு அடியில், மண்ணைத் தோண்டாமல், மேலாகவே ஒடுங்கிக்கொள்ளும். வெப்பநிலை மைனஸ் அரை டிகிரிக்குச் சற்றுக் கீழே போனதும், பக்கத்துச் சருகில் உள்ள பனித்துகள் ஈரத்தோலைத் தொடும். தொட்ட இடத்திலிருந்து பனி உள்ளே பரவத் தொடங்கும். பனி தொடங்கிய சில நிமிடங்களுக்குள் கல்லீரல் தான் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையை உடைத்து குளுக்கோஸாக இரத்தத்தில் கொட்டும். 5 மில்லிமோலாருக்குள் (இது செறிவின் அலகு) இருந்த அளவு 200, 300 மில்லிமோலாருக்கு ஏறும். சர்க்கரை பரிசோதிக்கும் கணக்கில் சொன்னால், நமக்குச் சாப்பிடுமுன் 90 இருக்கும் இடத்தில் அதற்கு 4500. இதயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தச் சர்க்கரை முக்கிய உறுப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும். முழுதாக உறைந்து முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கடைசியாகத்தான் இதயம் நிற்கும்.

குளுக்கோஸ் தவிர யூரியாவும் உண்டு. குளிர் தொடங்கும் முன்பே இரத்தத்தில் யூரியாவைச் சேர்த்துக்கொள்கிறது. நமக்குச் சிறுநீரகம் பழுதானால் ஏறும் அதே யூரியா, இதற்குக் காப்பு.

அல்சூர்_செல்வம்

அண்ணே, குளுக்கோஸ் சேர்ந்தால் உறைநிலை கீழே போகும், அதனால் உறையாது என்றுதான் பாடத்தில் வருகிறது. ஆனால் தவளை உறைகிறது என்கிறீர்கள். பிறகு அந்த 300 மில்லிமோலார் எதற்கு?

கணக்குப்பிள்ளை

செல்வம், இதைக் கணக்காகப் போட்டால் தெளிவாகிவிடும். பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு ஆஸ்மோல். ஒரு கிலோ நீரில் ஒரு ஆஸ்மோல் கரைபொருள் இருந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். தவளை இரத்தம் சாதாரணமாக 0.25 ஆஸ்மோல், ஆக உறைநிலை மைனஸ் 0.46. குளுக்கோஸ் 250 மில்லிமோலார் சேர்ந்தால் 0.5 ஆஸ்மோல், உறைநிலை மைனஸ் 0.93. அதாவது இவ்வளவு சர்க்கரை கொட்டியும் கிடைத்தது அரை டிகிரிகூட இல்லை. அலாஸ்கா குளிருக்கு அது ஒன்றுமே இல்லை.

ஆனால் வேறு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மைனஸ் 2.5 டிகிரியில் எவ்வளவு நீர் உறையும்? தண்ணீர் பனியாகப் பிரியப் பிரிய மிச்ச நீர் செறிவாகிக்கொண்டே போகும். மிச்ச நீரின் செறிவு 2.5 ÷ 1.86 = 1.34 ஆஸ்மோல் ஆனதும் மேலே உறைவது நிற்கும். சர்க்கரை இல்லாத தவளை என்றால், 0.25 ÷ 1.34 = 0.19. அதாவது 19 சதவீதம் திரவம், 81 சதவீதம் பனி. சர்க்கரை ஏறிய தவளையில் 0.5 ÷ 1.34 = 0.37. 37 சதவீதம் திரவம், 63 சதவீதம் பனி. உறைநிலை அவர்கள் சொன்ன 65-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

செல்லிலிருந்து நீர் வெளியேறி வெளியே பனியாகிறது, செல் சுருங்குகிறது. ஓரளவுக்கு மேல் சுருங்கினால் சவ்வு மடிந்து கிழியும். சர்க்கரை அந்தச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்துகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. 19 சதவீத நீரோடு கிடக்கும் செல்லுக்கும் 37 சதவீத நீரோடு கிடக்கும் செல்லுக்கும் இடையில்தான் உயிர் ஊசலாடுகிறது.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கை மைனஸ் 15 வரை நீட்டாதீர்கள். அங்கே நேர்கோட்டுச் சூத்திரம் பொய்க்கும். புரதங்களை ஒட்டிக் கிடக்கும் நீரில் ஒரு பகுதி உறையவே உறையாது, அதை இந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை.

உறைநிலை

அருமை சார். இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தவளை ஏன் மைனஸ் அரை டிகிரியிலேயே அவசரமாக உறையத் தொடங்குகிறது? கொஞ்சம் பொறுத்தால் உறையாமலே இருக்கலாமே என்று தோன்றும். அதில்தான் ஆபத்து.

திரவம் தன் உறைநிலைக்குக் கீழே போயும் பனியாகாமல் நிற்பதை மீக்குளிர்வு என்கிறோம். வெகுகீழே போய் அந்த நிலையில் பனி விழுந்தால், கணத்தில் உடம்பெங்கும் ஓடும். கல்லீரலுக்கு அவகாசமே கிடைக்காது. உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையிலேயே மெதுவாக உறையும்போது ஒவ்வொரு கிராம் பனியும் உருவாகையில் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் உடலைக் கொஞ்ச நேரம் உறைநிலைக்குப் பக்கத்திலேயே பிடித்து வைக்கிறது. அந்த இடைவெளியில்தான் சர்க்கரை பயணம் செய்கிறது. ஆய்வகத்தில் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேகமாகக் குளிர்வித்தால் இதே தவளைகள் செத்துப்போகின்றன. மணிக்கு 0.2 டிகிரிக்குக் குறைவான வேகத்தில் குளிர்வித்தால் பிழைக்கின்றன. தவளைக்குத் தாங்க முடியாதது குளிரின் அளவை விட அதன் வேகம்.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் இயற்கையான இடத்திலேயே வைத்துக் கவனித்த ஆய்வு 2014-இல் வெளியானது. சராசரியாக 193 நாள் தொடர்ந்து உறைந்தே கிடந்திருக்கின்றன. ஆகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 18.1. எல்லாமே பிழைத்தன. அங்கே இலையுதிர்காலத்தில் ராத்திரி உறைந்து பகலில் உருகி, பத்துப் பதினைந்து முறை இப்படி ஆன பிறகுதான் நிரந்தரமாக உறைகின்றன. ஒவ்வொரு முறையும் சர்க்கரை கூடுகிறது. ஒரே மூச்சில் உறையவைத்த ஆய்வகத் தவளையோடு ஒப்பிட்டால் தசையில் 13 மடங்கு குளுக்கோஸ். இந்த ஒத்திகைதான் ஆய்வகங்கள் நெடுநாள் தவறவிட்ட விஷயம் என்பது என் கருத்து. ஓஹையோ போன்ற தென்பகுதித் தவளைகளை வைத்து மைனஸ் 4, 6 தான் எல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள்.

நிலத்தடி_வளை

தவளைப் பக்கம் தெளிவாகிவிட்டது. அணிலைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் 'இரண்டும் உறைகின்றன' என்பது அணிலுக்குச் செய்யும் அநியாயம்.

ஆர்க்டிக் தரை அணிலின் உடலில் பனிக்கட்டி உண்டாவதே இல்லை. 1989-இல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பிரையன் பார்ன்ஸ் வயிற்றுக்குள் வெப்பமானியோடு கூடிய சிறு ஒலிபரப்பியை வைத்து அளந்தார். உறக்கத்தில் வயிற்றுப் பகுதி மைனஸ் 2.9 டிகிரி வரை போயிருந்தது. பாலூட்டி ஒன்றின் உடல் பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பிழைக்கும் என்று காட்டிய அளவு அது. அதே நேரம் கழுத்துப் பகுதி பூஜ்யத்துக்கு மேலேயே இருந்தது. மூளைக்குப் போகும் இரத்தத்தையும் அங்கே இருக்கும், எரிந்து வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பையும் அது காத்துக்கொள்கிறது.

இப்போது கணக்குப்பிள்ளை சாரின் சூத்திரத்தையே எடுங்கள். அணில் இரத்தம் சுமார் 0.3 ஆஸ்மோல், உறைநிலை மைனஸ் 0.6-க்குப் பக்கம். மைனஸ் 2.9-இல் அது உறைந்திருக்க வேண்டும். உறையவில்லை. குளுக்கோஸ் குவியல் இல்லை, கிளிசரால் இல்லை, துருவக்கடல் மீன்களில் இருப்பது போன்ற உறைதடுப்புப் புரதமும் தென்படவில்லை. வெறும் மீக்குளிர்வு. பனிக்கு முதல் விதையாக அமையக்கூடிய துகள்கள் இரத்தத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வழி என்று கருதுகிறார்கள். ஒரு பனித்துகள் உள்ளே நுழைந்தால் போதும், கதை முடிந்தது. அதனால்தான் உலர்ந்த புல்லையும் பாசியையும் திணித்த கூடு, அடர்ந்த ரோமம், நீர் புகாத தோல் எல்லாம் அதற்கு உயிர்நாடி. தவளையின் ஈரத்தோல் பனியை அழைக்கிறது. அணிலின் உலர்ந்த ரோமம் பனியை வாசலிலேயே நிறுத்துகிறது.

அல்சூர்_செல்வம்

வளை அக்கா, ஒரு சந்தேகம். அணில் கதகதப்பாக 5 டிகிரியில் உடம்பை வைத்துக்கொண்டால் இந்த ஆபத்தே இல்லையே. ஏன் விளிம்பில் போய் நிற்கிறது?

நிலத்தடி_வளை

காசு மிச்சம், தம்பி. அதாவது கொழுப்பு மிச்சம்.

வளை நிரந்தர உறைமண்ணுக்கு மேலே இருக்கிறது. கீழே தோண்ட முடியாது, கல்லாக இறுகிக் கிடக்கும். அதனால் கூடு ஒரு மீட்டர் ஆழம்கூட இருக்காது. சுற்றிலும் மண் மைனஸ் 15-க்கும் கீழே இறங்கும். வெப்ப இழப்பு, உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. உடல் 5 டிகிரி, மண் மைனஸ் 15 என்றால் வித்தியாசம் 20. உடல் மைனஸ் 2.9 என்றால் வித்தியாசம் 12.1. கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு. ஏழெட்டு மாதத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். கோடையில் தின்று சேர்த்த கொழுப்பு மட்டுமே கையிருப்பு.

மைனஸ் 2.9-க்கும் கீழே போக விடாமல், உறக்கத்திலேயே வெப்பம் உற்பத்தி செய்து அங்கேயே பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் முக்கியம். வெளியே குளிர் கூடக் கூட, உள்ளே எரிக்கும் கொழுப்பும் கூடும். தவளைக்கு இந்த வேலையே கிடையாது, மண் எவ்வளவோ அதுவும் அவ்வளவு.

பெரிய செலவு இன்னொன்று. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அணில் முழுதாக விழிக்கும். பழுப்புக் கொழுப்பை எரித்து, பிறகு தசையை நடுக்கி, சில மணி நேரத்தில் 36, 37 டிகிரிக்கு ஏறும். ஒரு நாளுக்குள் மறுபடி அடங்கிவிடும். மொத்தக் குளிர்காலச் செலவில் பெரும்பகுதி இந்தச் சில விழிப்புகளுக்கே போகிறது. அவ்வளவு கொழுப்பைக் கொட்டி ஏன் விழிக்க வேண்டும்? தரை அணில் வகைகளின் மூளையில், உறக்கத்தின்போது நரம்புக் கிளைகள் சுருங்கி இணைப்புகள் குறைகின்றன, விழித்த சில மணி நேரத்தில் திரும்ப வளர்கின்றன. பழுது பார்க்கும் நேரம் அது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

ஆகவே மேடம், 'குளிர்காலம் முழுவதும் தூங்குகின்றன' என்பதையும் எடுத்துவிடுங்கள். அணில் விட்டு விட்டு உறங்குகிறது. தவளைக்கு அது உறக்கமே அல்ல.

தேவி_ஜெயநகர்

மூன்று வாக்கியமும் போயிற்று, நல்லது. பிள்ளைகள் கட்டாயம் கேட்கப் போகிற கேள்வி: அணிலும் தவளை மாதிரி உறைந்துவிட்டால் செலவே இல்லையே, ஏன் செய்யவில்லை?

உறைநிலை

உருக்குவது யார் என்பதுதான் பதில். தவளையை வெயில் உருக்கும். அது தானாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மண் சூடானால் பனி இளகும். சர்க்கரை அதிகமுள்ள உள் உறுப்புகள் முந்திக்கொள்ளும். முதலில் இதயம் துடிக்கும், பிறகு மூச்சு, கடைசியாகப் பின்னங்கால். குதிக்க ஒரு நாள் ஆகலாம்.

அணில் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் உயிர். அந்த அடுப்பு பழுப்புக் கொழுப்பு. அடுப்பு எரிய ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜன் வர இரத்தம் ஓட வேண்டும். இரத்தம் உறைந்தால் அடுப்பு பற்றாது. உறக்கத்திலும் நிமிடத்துக்குச் சில முறையாவது அதன் இதயம் துடிக்கிறது. அந்தச் சில துடிப்பை விட்டுவிட்டால் திரும்பி வர வழியே இல்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். தவளை ஏன் அணில் போல உறையாமல் நிற்க முடியாது? நனைந்த சருகுக்குள், நீரை உறிஞ்சும் தோலோடு கிடக்கிறது. சுற்றிலும் பனி. உலர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால் ஓரிரு டிகிரி மீக்குளிரும், ஒரு பனித்துகள் தொட்டதும் உறையும். அதன் இடத்தில் பனியைத் தவிர்க்கவே முடியாது. தவிர்க்க முடியாததைக் கட்டுப்படுத்துகிறது.

ஏரிக்கரை

நம் ஊர் உயிர்களையும் ஒரு மூலையில் போடுங்கள், தேவி மேடம். இல்லாவிட்டால் வீட்டு மாடியில் ஓடும் அணிலும் குளிர்காலத்தில் உறங்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் ஓடுவது முதுகில் மூன்று கோடுள்ள அணில். நூறு கிராம் எடை. வருஷம் முழுக்க உணவு கிடைக்கும், உறங்குவதில்லை. டெல்லிப் பக்கம் இருப்பது ஐந்து கோடுள்ள வேறு இனம், அதுவும் உறங்காது. இந்தியாவில் அணில் குடும்பத்தைச் சேர்ந்து குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறங்குவது யார் என்றால், லடாக்கில் உள்ள மர்மோட். பார்க்கப் பெருத்த அணில்தான், மரம் ஏறாது.

தவளையில் நம் ஊருக்குப் பெரிய எதிரி வறட்சி. வளை தோண்டும் தவளைகள் வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய், முதல் நல்ல மழைக்கு வெளியே வரும். இது கோடை உறக்கம். 2020-இல் பெங்களூரு புறநகரில், ராஜானுகுண்டே பக்கம் கிடைத்த ஒரு தோண்டும் தவளைக்கு ஸ்ஃபேரோதீகா பெங்களூரு என்றே பெயர் வைத்தார்கள். தரிசு நிலத்தில் கிடைத்த இனம். பிள்ளைகள் அதன் பெயரையாவது தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: சுவரொட்டியைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளையும் தவளையைப் பிடித்து ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. நம் தவளைகளுக்கு அந்தச் சர்க்கரை ஏற்பாடு கிடையாது. செத்துவிடும். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை

தவளைக்குப் பதிலாகச் செய்ய இரண்டு சோதனை தருகிறேன். பள்ளி ஆய்வகத்தில் முடியும்.

அணில் சோதனை: பிரிக்காத 500 மில்லி தண்ணீர் பாட்டில் மூன்று, எல்லாம் பிளாஸ்டிக், கண்ணாடி வேண்டாம், வெடிக்கும். ஃப்ரீசரில் மைனஸ் 18-இல், ஒன்றையொன்று தொடாமல் படுக்க வையுங்கள். நான்காவதாக ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர். இரண்டு மணி நேரம் கழித்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆட்டாமல் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் பெரும்பாலும் முதலில் பனி தெரியும், அதில் துகள் அதிகம். அப்போது மற்றதை மெல்ல எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினால் கண்ணெதிரே பனி ஓடும். தோற்பதற்குக் காரணங்கள்: மூடியைத் திறந்து மூடியது, தட்டில் பழைய பனித்தூள் இருந்தது, ஃப்ரீசர் கதவை அடிக்கடி திறந்து அதிரவைத்தது. வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள், அதன் நுனியே பனிக்கு விதையாகும்.

அந்த பாட்டில் முழுக்கக் கட்டியாகாது என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். மைனஸ் 6-இல் இருந்து தட்டினால், 6 × 4.18 ÷ 334, ஏறக்குறைய 7.5 சதவீதம்தான் உடனே பனியாகும், வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஏறிவிடும். கூழாக இருக்கும். உறைநிலை சொன்ன 'பனி விடும் வெப்பம்' இதுதான்.

தவளைச் சோதனை: ஒரு லிட்டர் தண்ணீரில் 42 கிராம் உப்பு கரைத்து, நொறுக்கிய ஐஸை நிறையப் போட்டுக் கலக்குங்கள். வாயகன்ற ஃபிளாஸ்க்கில் வைத்தால் மைனஸ் 2.5-க்குப் பக்கத்தில் நிற்கும். ஐஸ் உருகி நீர்த்துப்போனால் வெப்பநிலை ஏறும், வெப்பமானியைப் பார்த்து உப்பு சேர்க்க வேண்டும். இதில் இரண்டு சோதனைக் குழாய். ஒன்றில் 10 மில்லி வெறும் தண்ணீர், மற்றதில் 10 மில்லி தண்ணீரில் 0.9 கிராம் குளுக்கோஸ். மருந்துக்கடை பாக்கெட்டில் நீரேறிய டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் 1 கிராம். இரண்டும் குளிர்ந்ததும் கடுகளவு பனித்துகள் ஒன்றை ஒவ்வொன்றிலும் போடுங்கள். போடாவிட்டால் இரண்டுமே உறையாமல் நின்று ஏமாற்றும். சில மணி நேரத்தில் வெறும் தண்ணீர் முழுக்கட்டி. குளுக்கோஸ் குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரவம் மிச்சம் இருக்கும், சாய்த்தால் ஓடும். மேலே போட்ட 37 சதவீதம் கண்ணுக்குத் தெரியும்.

நிலத்தடி_வளை

சார், அந்தப் பனித்துகள் விஷயம் அழகு. ஒரே துகள், அணிலைக் கொல்லும், தவளையைக் காக்கும். சுவரொட்டியின் நடுவில் இதைப் போடலாம்.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு, அதுவும் சொல்லத்தக்கது: கழிவைத் திரும்பப் பயன்படுத்துவது. மாதக்கணக்கில் சாப்பாடு இல்லாமல் தசை கரையும்போது நைட்ரஜன் கழிவு சேரும். காட்டுத் தவளை சேர்த்து வைத்த யூரியாவை, உருகிய பின் அதன் குடல் நுண்ணுயிர்கள் உடைக்கின்றன, நைட்ரஜன் மறுபடி பயனாகிறது. ஆர்க்டிக் தரை அணிலும் உறக்கத்தில் தசை கரைந்து வரும் நைட்ரஜனைக் கொண்டு அமினோ அமிலம் செய்துகொள்கிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. எட்டு மாதம் படுத்திருந்தும் எழுந்த அன்றே ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அல்சூர்_செல்வம்

மனிதனுக்கு இதனால் என்ன பயன் என்று தலைமையாசிரியர் கேட்பார். உறுப்பு மாற்று சிகிச்சைக்குத் தவளையைக் காட்டுவார்களே, அது உண்மையா?

உறைநிலை

உண்மை, ஆனால் பாதிப் பெருமை அணிலுக்குச் சேர வேண்டும். பெங்களூரில் ஆம்புலன்ஸுக்காகச் சாலையை நிறுத்திப் பச்சை வழித்தடம் போட்டு இதயத்தைக் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஐஸில் வைத்த இதயத்துக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான். கல்லீரலுக்குச் சுமார் 12 மணி.

2014-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு எலியின் கல்லீரலை மைனஸ் 6 டிகிரியில் வைத்துக் காத்தது. மூன்று நாள் கழித்துப் பொருத்திய எலிகள் எல்லாம் பிழைத்தன. நான்கு நாள் கழித்துப் பொருத்தியவற்றில் 58 சதவீதம் பிழைத்தன. அவர்கள் உள்ளே செலுத்தியது குளுக்கோஸின் மாற்று வடிவம் ஒன்று, செல் அதை எரிக்க முடியாது, அதனால் உள்ளேயே தங்கும். இது தவளையின் சர்க்கரை. ஆனால் கல்லீரல் உறையவில்லை, மீக்குளிர்வில் திரவமாகவே இருந்தது. அது அணிலின் வழி. 2019-இல் மனிதக் கல்லீரலை மைனஸ் 4 டிகிரியில் வைத்து, காக்கும் நேரத்தை 27 மணி நேரம் நீட்டினார்கள். அப்போது சிக்கலாக நின்றது உறைகாற்று. பையில் காற்றுக் குமிழ் இருந்தால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் பனி பிறக்கும். அதனால் காற்றை முழுக்க வெளியேற்றினார்கள். கணக்குப்பிள்ளை சார் மூடியைத் திறக்காதே என்றதும் பனிக்கு விதை உள்ளே விழாமல் தடுக்கத்தான்.

கணக்குப்பிள்ளை

'உறைகாற்று' என்பதை மாற்றுங்கள் உறைநிலை, பிள்ளைகள் வேறு ஏதோ என்று நினைப்பார்கள். பையில் தங்கும் காற்று என்றால் போதும். அளவு கூடினால் மீக்குளிர்வு கடினம் என்பதையும் சேர்க்கலாம். பத்து கிராம் எலிக் கல்லீரல் வேறு, ஒன்றரைக் கிலோ மனிதக் கல்லீரல் வேறு. பருமன் கூடக் கூட, எங்கோ ஓரிடத்தில் விதை விழும் வாய்ப்பும் கூடும்.

ஏரிக்கரை

காலநிலையும் ஒரு வரி வேண்டும். தவளைக்குப் பனிப்போர்வைதான் கம்பளி. சருகின் மேல் தடிமனாகப் பனி கிடந்தால் காற்று மைனஸ் 30 ஆனாலும் கீழே அவ்வளவு இறங்காது. பனிப்பொழிவு தாமதித்தால் வெற்றுச் சருகு வேகமாகக் குளிரும், மேலே சொன்ன வேக ஆபத்து வந்துவிடும்.

அணிலுக்கு வேறு மாதிரி. 25 ஆண்டுத் தரவை வைத்து 2023-இல் வந்த ஆய்வின்படி பெண் அணில்கள் முன்னைவிடச் சுமார் பத்து நாள் முன்கூட்டியே உறக்கத்தை முடிக்கின்றன. ஆண்களுக்கு மாற்றமில்லை. ஆண் முன்பே விழித்து, வளைக்குள் சேர்த்து வைத்த விதையைத் தின்று, விந்து முதிரும்வரை சில வாரம் காத்திருக்கும். அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால் பெண் வெளியே வரும்போது ஆண் தயாராக இருக்காது.

தேவி_ஜெயநகர்

எல்லாவற்றையும் வைத்துத் திருத்திய வாசகம்:

"காட்டுத் தவளை உறைகிறது. உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை பனியாகும், ஆனால் செல்லுக்கு வெளியே மட்டும். கல்லீரல் அனுப்பும் குளுக்கோஸ், செல் அளவுக்கு மீறிச் சுருங்காமல் காக்கிறது. இதயம் நிற்கிறது. வெயில் உருக்குகிறது.

ஆர்க்டிக் தரை அணில் உறைவதில்லை. உடல் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கியும் இரத்தம் திரவமாகவே இருக்கிறது. இதயம் மெதுவாகத் துடிக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை தன் கொழுப்பை எரித்துத் தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு விழிக்கிறது.

நம் ஊர்த் தவளைக்கும் அணிலுக்கும் இந்தத் திறன் இல்லை. ஃப்ரீசரில் வைத்தால் சாகும்."

நடுவில் பனித்துகள் படம். கீழே இரண்டு சோதனையும் அளவுகளோடு.

நிலத்தடி_வளை

'உடல் மைனஸ் 2.9' என்பதை 'வயிற்றுப் பகுதி மைனஸ் 2.9' என்று மாற்றுங்கள் மேடம். கழுத்து பூஜ்யத்துக்கு மேலே இருப்பதைப் படத்தில் சிவப்பு நிறத்தில் காட்டலாம்.

தேவி_ஜெயநகர்

மாற்றியாயிற்று. கழுத்துக்குச் சிவப்பு, வயிற்றுக்கு நீலம். தவளை முழுக்க நீலம்.